கையைப் பின்னால் கட்டிக்கொண்டு

குழந்தை அழும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சும்மா நிற்பதுதான் எங்கள் தொழிலிலேயே கஷ்டமான வேலை. கூடாரம் அடிப்பது, ஈர விறகில் நெருப்புப் பற்றவைப்பது, கயிற்றைப் பிடித்துப் பாறையிலிருந்து இறங்குவது எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அந்த வேலையைச் சரியாகச் செய்ததற்காக ஒரு நல்ல பெண்ணை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன். இந்த வேலைக்கு வர ஆசைப்படும் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு அப்புறம் வாருங்கள்.

1. கை கட்டும் ரூல்

நான் அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். வீடு லாஸ்பேட்டை. ரிட்டயர் ஆன கையோடு பிரபு என்பவர் தேடி வந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு அட்வென்சர் கேம்ப் நடத்தும் கம்பெனி அவருடையது. தவளக்குப்பத்துக்குக் கிழக்கே, கடலை ஒட்டி ஒரு சவுக்குத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். என்னை சீஃப் இன்ஸ்ட்ரக்டராக இருக்கச் சொன்னார்.

முதல் நாளே சொன்னார்: "மிஸ், பசங்க ஹேப்பியா வந்து ஹேப்பியா போவணும். அவ்ளோதான்."

"ஹேப்பியா போவறதுக்கு பீச் ரோடு இருக்கு, ஐஸ்கிரீம் இருக்கு. எங்கிட்ட வந்தா தனியா நிக்கக் கத்துக்கிட்டுப் போவணும்" என்றேன்.

மனிதர் அசந்துபோய், "சூப்பர் மிஸ்!" என்று கையைத் தட்டினார். மறுவாரமே தோப்பு வாசலில் பேனர் தொங்கியது: தனியே நிற்கக் கற்போம். பக்கத்தில் என் போட்டோ.

ஐந்து பிள்ளைக்கு ஒரு மென்டர். மென்டர் எல்லாம் எங்கள் கேம்ப்பிலேயே கற்று வளர்ந்தவர்கள். எதையும் ஒருமுறைதான் செய்து காட்ட வேண்டும். அதற்குப் பிறகு பிள்ளைதான் செய்யும். மென்டர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். கத்தி, நெருப்பு, தண்ணீர், பாம்பு, இந்த நான்கில் ஒன்று குறுக்கே வந்தாலொழியக் கையை அவிழ்க்கக் கூடாது. பிள்ளை முடிச்சுப் போடத் திணறுவதைப் பார்த்தால் நம் கை தானாக நீளும், அதை அடக்கத்தான் இந்தக் கட்டு. நாமே கட்டிக்கொடுத்துவிட்டால் கூடாரம் அன்றைக்கு நிற்கும். நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு யார் கட்டிக்கொடுப்பது?

இன்னும் மூன்று பாடம் உண்டு. ஆபத்து என்றால் விசிலை மூன்று முறை ஊது, கொஞ்சம் நிறுத்து, திரும்ப மூன்று. வழி தப்பினால் அலையாதே, ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அங்கேயே நில். சவுக்குத் தோப்பில் இது ரொம்ப முக்கியம். வரிசை வரிசையாக நட்டிருப்பார்கள், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே சந்து மாதிரி இருக்கும், பெரியவர்களுக்கே தலை சுற்றும். மூன்றாவது, கூட இருப்பவன் பயந்தால் அவனுக்கு ஒரு வேலை கொடு. கைக்கு வேலை வந்தால் அழுகை குறையும்.

இதையெல்லாம் என்னைவிட நன்றாகச் செய்தவள் அன்பரசி. தோப்புக்குப் பக்கத்துக் குப்பத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர். எங்கள் முதல் பேட்ச்சில் கற்றவள், லாஸ்பேட்டையில் காலேஜ் படித்துக்கொண்டே சனி ஞாயிறு மென்டராக வந்தாள். டிகிரி முடித்ததும், இந்த சீசனிலிருந்து அவளை மாதச் சம்பளத்துக்கு இன்ஸ்ட்ரக்டர் ஆக்குவதாகப் பிரபு வாக்குக் கொடுத்தார். அதை நம்பித் தவளக்குப்பம் ஜவுளிக்கடையில் கூப்பிட்ட வேலையை வேண்டாம் என்று விட்டாள். வீட்டில் ஒரு மாதம் யாரும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "பரவால்ல மிஸ், மொத சம்பளம் வந்தா சிரிச்சிடுவாங்க" என்றாள்.

2. பாதி வீடியோ

மூலக்குளத்திலிருந்து மித்ரன் என்று ஒரு பையன் வந்தான். பத்து வயது. வீட்டில் ஷூ லேஸ்கூட அம்மாதான் கட்டிவிடுவாராம். அவனிடம் தார்பாயும் கயிறும் கொடுத்து, இரண்டு மரத்துக்கு நடுவே கூடாரம் கட்டச் சொன்னாள் அன்பரசி. கடல் காற்று. கட்டினான், விழுந்தது. மறுபடி கட்டினான், விழுந்தது. மூன்றாவது தடவை தார்பாய் அவன் தலைமேலேயே விழுந்து மூடியது. உள்ளிருந்து ஓவென்று அழுதுகொண்டே வெளியே வந்தான். அன்பரசி அசையவில்லை. கையைப் பின்னால் கட்டியபடி, "எந்த முடிச்சு அவுருது பாரு" என்று மட்டும் சொன்னாள்.

நாலாவது தடவை நின்றது. பயல் அதைச் சுற்றிச் சுற்றி ஓடி ஆடிய ஆட்டத்தை நான் பார்த்தேன். எல்லாரையும் கையைப் பிடித்து இழுத்துவந்து, "நான் கட்னது, நான் கட்னது" என்று காட்டினான்.

கம்பெனி போட்டோகிராபர் இதையெல்லாம் வீடியோ எடுத்திருக்கிறார். பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்புக்கு அவசரத்தில் அனுப்பியது முன்பாதியை மட்டும். பையன் கதறுகிறான், பக்கத்தில் ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். அவ்வளவுதான் அதில் இருந்தது.

குரூப் பற்றி எரிந்தது. மித்ரனின் அம்மா வாய்ஸ் மெசேஜ் போட்டார்: "எம்புள்ள அழுது அழுது மூஞ்சியே வீங்கிப் போச்சி. அந்தப் பொண்ணு செல மாதிரி நிக்குது. இதுக்கா காசு கட்டி அனுப்பினோம்?" இன்னொரு புண்ணியவான் எழுதினார்: "குப்பத்துப் பொண்ணுங்கள வேலைக்கு வெச்சா வேற எப்படி இருக்கும்?" அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்.

பிரபுவின் ஆபீசில் போய் நின்றேன். "மீதி வீடியோவப் போடுங்க சார். அவன் சிரிக்கிறது இருக்குல்ல?"

"போட்டா பதில் சொல்ற மாதிரி ஆயிடும் மிஸ். கஸ்டமருக்குப் பதில் சொல்லக் கூடாது. சாரிதான் சொல்லணும்."

"அப்ப நான் சொல்றேன். ரூல் என்னுது."

"ஐயோ மிஸ், உங்க பேரப் பாத்துதான் ஸ்கூல்ல அனுப்புறாங்க. நீங்க சொன்னா கேம்ப்பே தப்புன்னு ஆயிடும். அந்தப் பொண்ணு சொன்னாப் போதும்."

அன்பரசியைக் கூப்பிட்டார்கள். வந்தாள். குரூப்பில் வந்ததை அவளுக்கே போட்டுக் காட்டினார். குப்பத்துப் பொண்ணு என்ற வரியில் அவள் கண் நின்றதை நான் பார்த்தேன். பிரபு ஒரு சாரி கேட்கச் சொன்னார்.

"எதுக்கு சார் சாரி? அவன் கட்டினான் சார். யாரும் தொடாம அவனே கட்டினான். அதுக்கா நான் சாரி கேக்கணும்?"

பிரபு மென்று முழுங்கினார். "சரிம்மா, இந்த சீசன் ரெஸ்ட் எடுத்துக்க. அப்புறம் பாக்கலாம்" என்றார். ரெஸ்ட்டாம்! வேலையே தராத ஆளுக்கு எதற்கய்யா ரெஸ்ட்?

நானும் போகிறேன் என்றுதான் சொன்னேன். வாசலில் அந்தப் பேனருக்குக் கீழே நின்று அவள்தான் தடுத்தாள். "நீங்களும் போய்ட்டா இந்தப் புள்ளங்களுக்கு யாரு மிஸ் சொல்லித் தருவா? சீசன் முடியட்டும், இருங்க." அவள் சொன்னதற்காக இருந்தேன். பிரபுவின் மூஞ்சிக்காக இல்லை.

3. ஸ்மார்ட் வாட்ச்

அடுத்த கேம்ப்பில் எல்லாம் தலைகீழ். மென்டர் என்ற பேரே போய் 'கேர் அண்ணா', 'கேர் அக்கா' ஆனார்கள். பிள்ளை முகம் சுளித்தால் ஓடிப்போய் முடிச்சுப் போட்டுத் தர வேண்டும். பிள்ளைகள் உட்கார்ந்து பிஸ்கட் தின்றார்கள், அண்ணன்மார்கள் வியர்க்க வியர்க்கக் கூடாரம் அடித்தார்கள். பக்கத்து ரிசார்ட்டில் சத்தம் என்று சொன்னதால் விசிலையும் வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு கையிலும் ஸ்மார்ட் வாட்ச். பிள்ளை எங்கே இருக்கிறது என்று பிரபுவின் போனில் புள்ளி காட்டும்.

"சார், தோப்புக்குள்ள சிக்னல் கெடைக்காது" என்றேன்.

"மிஸ், நீங்க பழைய காலத்துலயே இருக்கீங்க."

மித்ரனும் வந்திருந்தான். அவன் அம்மாவைச் சமாதானப்படுத்தப் பிரபு இந்த கேம்ப்பை இலவசமாகக் கொடுத்திருந்தார். பையன் வந்ததும் முதல் கேள்வி, "அன்பு மிஸ் எங்க?" நான் என்ன சொல்ல? "வேற வேலையா போயிருக்காங்கடா" என்றேன். விசில் வாங்கும்போது அவன் தன்னுடையதை டவுசர் பாக்கெட்டுக்குள் தள்ளினான். பார்த்தேன். பார்க்காததுபோல் போய்விட்டேன்.

4. மைக் செட்

கடைசி நாள் சாயந்திரம் பெற்றோர் எல்லாரும் வந்துவிட்டார்கள். மணலில் மேடை, மைக் செட், பரிசு. பேர் வாசிக்கும்போது மித்ரனைக் காணோம். அவன் க்ரூப்பில் இருந்த ஹாசினி என்ற சின்னப் பெண்ணையும் காணோம்.

பிரபு போனைப் பார்த்தார். முகம் செத்துப்போனது. இரண்டு புள்ளியும் தண்ணீர் ஓரத்தில் நின்றன.

அப்புறம் என்ன, ஒரே கூச்சல். எல்லாரும் கடலைப் பார்த்து ஓடினார்கள். மித்ரனின் அம்மா மணலில் விழுந்து அடித்துக்கொண்டார். குப்பத்து ஆட்கள் செய்தி கேட்டு ஃபைபர் போட்டைத் தள்ளிக்கொண்டு இறங்கினார்கள். பிரபு மைக்கைப் பிடித்துக்கொண்டு, "மித்ரன், ஹாசினி, எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்" என்று விடாமல் கத்தினார்.

"சார், அது கடைசியா சிக்னல் கெடைச்ச எடம். அங்கேருந்து தோப்புக்குள்ள போயிருந்தா புள்ளி அங்கயேதான் நிக்கும்."

"மிஸ், வாட்ச் பொய் சொல்லாது! கொஞ்சம் சும்மா இருங்க."

அப்போதுதான் அன்பரசி ஓடிவந்தாள். போட்டை இறக்கிய ஆட்களில் அவள் அப்பாவும் ஒருவர். கடல் பக்கம் அவள் திரும்பவே இல்லை. நேராக என்னிடம் வந்து, "மிஸ், மொதல்ல மைக்க நிறுத்தச் சொல்லுங்க. தோப்புல விசில் ஊதினாலும் எப்படிக் கேக்கும்?" என்றாள்.

பிரபுவிடம் சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஜெனரேட்டரிடம் போய் ஒயரைப் பிடுங்கி எறிந்தேன். சட்டென்று எல்லாம் அடங்கியது. அலைச் சத்தம், சவுக்குக் காற்று. அதற்கு நடுவே, எங்கோ தெற்கில், மெல்லிசாக ஒரு விசில். மூன்று முறை. நின்றது. திரும்ப மூன்று.

அன்பரசி முன்னால் ஓடினாள். நானும் மித்ரனின் அம்மாவும் பின்னால். போட்டோகிராபரும் கேமராவோடு வந்தார். தோப்பின் உள்ளே, இருட்டத் தொடங்கிய ஒரு வரிசையில் இருவரும் இருந்தார்கள். சவுக்குக் காய் பொறுக்க வந்து வழி தப்பியிருக்கிறார்கள். ஹாசினி ஒரு கையால் மரத்தைக் கட்டிப் பிடித்தபடி, விம்மி விம்மி அழுதுகொண்டே விசில் ஊதினாள். அவளுக்கு ஓரடி தள்ளி மித்ரன் நின்றான். இரண்டு கையையும் பின்னால் கட்டியிருந்தான்.

அவன் அம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். முத்தமாகக் கொடுத்தார். பையன் அவர் தோளுக்கு மேலாக அன்பரசியைப் பார்த்தான். முகமெல்லாம் பெருமை. "அன்பு மிஸ், அவ ரொம்பப் பயந்தா. பயந்தவங்களுக்கு வேலை குடுக்கணும்ல? அதான் விசில அவகிட்ட குடுத்துட்டேன். புடுங்கி ஊதலாம்னு தோணுச்சி. கையக் கட்டிக்கிட்டேன்."

அம்மாவின் கை நின்றது. அவனைத் தள்ளி நிறுத்திப் பார்த்தார். அப்புறம் பளாரென்று ஓர் அறை.

"அந்தப் பாப்பா அழுவுது, நீ செல மாதிரி கையக் கட்டிக்கிட்டு நிக்கிற? யாருடா உனக்கு இப்புடிச் சொல்லிக் குடுத்தது?"

யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரிந்துதான் கேட்டார். அன்பரசியைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார். அவள் ஓரடி முன்னால் வைத்தாள். என்ன நினைத்தாளோ, நின்றுவிட்டாள். பையன் அழவில்லை. கன்னத்தில் விரல் பதிந்திருக்க, எதற்கு அடி வாங்கினோம் என்று தெரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ரெண்டு பேரும் உசுரோட நிக்கிறாங்கன்னா உங்க பையனாலதாம்மா" என்று கத்தினேன். யார் காதில் ஏறும்? அவர் அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டார். மேடையருகே பிரபு அவன் பாக்கெட்டில் கையை விட்டு, ஹாசினி திருப்பித் தந்திருந்த விசிலை எடுத்துக்கொண்டார். ரூலாம்.

மறுநாள் கம்பெனியின் ஆன்லைன் பக்கத்தில் ரீல் வந்தது. அம்மா ஓடுகிறார், பிள்ளையைக் கட்டிக்கொள்கிறார், முத்தம் கொடுக்கிறார். அறைக்கு முன்னால் வெட்டிவிட்டார்கள். கீழே எழுதியிருந்தது: எங்கள் ஸ்மார்ட் வாட்ச் இருக்க பயமேன்? மித்ரனின் அம்மா முதல் ஆளாக நன்றி போட்டிருந்தார்.

அன்றே என் விசிலைப் பிரபுவின் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். பேனரில் என் போட்டோ இன்னும் தொங்குகிறது, கழற்றச் சொல்லியாகிவிட்டது, கழற்றவில்லை.

அன்பரசி இப்போது அதே ஜவுளிக்கடையில் இருக்கிறாள். போன வாரம் போனேன். ஒரு கஸ்டமருக்குப் புடவையை விரித்து, மடித்து, திரும்ப விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "இங்க கையக் கட்டுனா சூப்பர்வைசர் திட்டுவாரு மிஸ்." நானும் சிரித்தேன். வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போதுதான் கண்ணில் தண்ணீர் முட்டியது.

என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்பீர்கள். பிள்ளைகளுக்குத் தனியே நிற்கச் சொல்லிக்கொடுங்கள். அதைவிட நல்ல வேலை உலகத்தில் இல்லை, இப்போதும் சத்தியம் செய்வேன். ஆனால் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகிற பிள்ளைக்கு அங்கே அடி விழும், கற்றுக்கொடுத்த உங்களுக்கு இங்கே வேலை போகும், அப்போது பக்கத்தில் ஒருவரும் வர மாட்டார்கள். அன்றைக்கு நிற்க முடியுமா என்று பார்த்துக்கொண்டு வாருங்கள்.