வாய்க்காலில் நின்ற லாரி

என் தங்கைக்குப் பல்லி சத்தம் போட்டாலே பாதி உயிர் போய்விடும். அப்படிப்பட்டவளை ஏரிக் காவல் குழுவில் சேரச் சொன்னது யார்? ஏரித் தண்ணீரைக் குடிக்கிற வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும் என்று வாசலில் வந்து நின்றார்கள். நான் உள்ளே நழுவிவிட்டேன், இவள் மாட்டிக்கொண்டாள்.

முறை வரும் நாளில் ஏரிக்கு வரும் வாய்க்காலோரம் ஒரு நடை போய்வர வேண்டும். கழிவைக் கண்டால் போட்டோ எடுத்துக் குழுவின் வாட்ஸப்பில் போட வேண்டும். அந்த வாட்ஸப்பில் ஏரியைச் சுற்றி இருக்கிற எல்லாரும் உண்டு. யாரையும் ஒதுக்கக் கூடாதாம். கழிவுநீர் லாரி வைத்திருப்பவரையும் சேர்த்திருந்தார்கள், மகா புத்திசாலிகள்.

போன வாரம் இவள் முறை. ஒரு லாரி குழாயை வாய்க்காலில் விட்டுக் கறுப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது. நடுங்கிக்கொண்டே எடுத்தாள், நடுங்கிக்கொண்டே வாட்ஸப்பில் போட்டாள். யாருடைய லாரி என்று அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் லாரிக்காரர் எங்கள் தையல் கடைக்கு வந்தார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தங்கையைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்க பொண்ணு ஏரிக்கரை வழியாத்தானே ஸ்கூலுக்குப் போகுது? லாரி போற ரோடு. பாத்து அனுப்புங்க. அந்தப் போட்டோவ அழிச்சிடுங்க."

"அழிச்சிடறேண்ணே," என்றாள். அவர் படி இறங்குவதற்குள் அழித்தும் விட்டாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஏரியாவது ஒன்றாவது, பிள்ளை பத்திரமாக இருந்தால் போதும்.

இரண்டு நாளில் அதிகாரிகள் லாரியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இவள் போட்டோவைக் காட்டித்தான் புகார் கொடுத்தோம் என்று வாட்ஸப்பில் ஆளாளுக்கு இவளைப் புகழ்ந்து தள்ளினார்கள். ஒன்றும் புரியாமல் பக்கத்து வீட்டுக்காரியின் போனை வாங்கிப் பார்த்தோம். போட்டோ கல்லு மாதிரி அப்படியே இருந்தது. அவசரத்தில் இந்த அசடு தன் போனிலிருந்து மட்டும் அழித்திருக்கிறாள்.

"அவர் வருவாருக்கா," என்றாள்.

வந்தார். இந்த முறை உட்காரவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. தன் போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இது வேற எங்கேயோ எடுத்தது, தப்பா போட்டுட்டேன்னு குரூப்புல எழுதுங்க. என் வண்டி வெளிய வந்துடும். இப்பவே எழுதுங்க."

"எழுதித் தொலைடி," என்றேன் நான்.

அவள் அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாய்க்கால் ஏரியில் சேரும் இடத்துக்குப் பக்கத்திலிருந்துதான் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வருகிறது.

"இந்தத் தண்ணியத்தாண்ணே என் பொண்ணு குடிக்கிறா," என்றாள். "எழுத மாட்டேண்ணே."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விறுவிறுவென்று இறங்கிப் போனார். பள்ளி விடும் நேரம். கடையைப் பூட்டக்கூடத் தோன்றாமல் இருவரும் ஏரிக்கரையில் ஓடினோம். பின்னால் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் லாரியா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

பிள்ளை பள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா ரெண்டு பேரும் வந்தீங்க?"

"நாளைக்கும் வருவோம்டி," என்றாள் தங்கை, அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு. "தெனமும் வருவோம்."