இரண்டு பஸ்களுக்கு நடுவே

கடைசி சீட்டில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால், பின்னால் வரும் பஸ்ஸின் முகப்பில் தொங்கும் எலுமிச்சம்பழத்தோடு எத்தனை மிளகாய் கோத்திருக்கிறார்கள் என்று எண்ண முடியும். ஏழு. ஒரு நாள் எண்ணி என் குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன். அப்போது இரண்டு பஸ்களும் நின்றுகொண்டிருக்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தன. பின்பஸ் டிரைவரின் நெற்றியில் விபூதியின் எந்தக் கோடு அழிந்திருக்கிறது என்பது வரைக்கும் தெரியும். அவர் என்னைப் பார்த்ததில்லை. எங்கள் பஸ்ஸின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வருவார்.

உத்திரமேரூரிலிருந்து மானாம்பதிப் பக்கமாகக் காலையில் இரண்டு தனியார் பஸ்கள் புறப்படும். இடையில் எட்டு நிமிஷம் இருக்க வேண்டும் என்பது அட்டவணை. முன்பஸ், கூட்டம் சேரட்டும் என்று ஊர்ந்து ஊர்ந்து போகும். பின்பஸ் தன் நேரத்துக்கு முன்பே கிளம்பி அதை எட்டிப் பிடித்துவிடும். ஏரிக்கரை வளைவு தாண்டியதும் முந்திவிட்டால் அடுத்தடுத்த ஊர்களில் காத்து நிற்கிறவர்கள் எல்லாம் பின்பஸ்ஸுக்கு. அதனால் அதுவரை ஊர்ந்த முன்பஸ், வளைவில்தான் வேகம் எடுக்கும். பயணிகள் பயப்படுவதற்குப் பதிலாகக் கட்சி சேர்ந்துகொள்வார்கள். "உடாதண்ணே, உடாத! நம்ம வண்டிய அவன் இன்னா முந்தறது?" என்று யாராவது எழுந்து நின்றே கத்துவார். நான் கத்தியதில்லை. ஆனால் பின்பஸ் முந்த முடியாமல் திரும்ப எங்கள் பின்னால் ஒதுங்கும்போது எனக்கும் ஒரு சந்தோஷம் வரும். இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்வது நியாயமில்லை.

பாலிடெக்னிக்கில் சிவில் முடித்துவிட்டு, சாலைப் பிரிவு அலுவலகம் ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்திருந்த முதல் வருஷம் அது. ஊரில் எல்லோருக்கும் நான் ஓவர்சீயரம்மா. குழிகள், மதகுகள், மைல் கல்லுக்குச் சுண்ணாம்பு, பலகைகள் இவைதான் என் பொறுப்பு. ஏரிக்கரை வளைவுக்கு முன்னால் மணிக்கு முப்பது கிலோமீட்டர் என்று ஒரு பலகை உண்டு. மாடுகள் அதில் முதுகைத் தேய்த்துக்கொள்ளும். வயலில் இறங்குகிறவர்கள் அதன்மேல் துண்டைப் போட்டுவிட்டுப் போவார்கள். எந்த டிரைவரும் அதைப் பார்த்து வேகத்தைக் குறைத்ததை நான் கண்டதில்லை. மாதாந்திரப் பட்டியலில் அதற்கு நேராக "நல்ல நிலை" என்று எழுதிக்கொண்டிருந்தேன். பலகையைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

பங்குனியில் அந்த வளைவில் கேழ்வரகுக் கதிர் காயும். பரப்பி வைக்கிறவர்களில் முன்னால் நிற்பவளை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிட ஆறேழு வயது கூட இருக்கும். கூலிக்கு அறுப்பு அறுக்கிறவள். கூலியாகக் கொடுத்த கதிர்க்கட்டுகளை அடிக்க அவளுக்குக் களம் கிடையாது. நிலத்துக்காரரின் களத்தில் அவருடைய மகசூல் முடிய இருபது நாள் ஆகும், அதற்குள் கோடை மழை வந்துவிடும். ஆகவே தார் ரோடுதான் களம், போகிற வண்டிகள்தான் தாம்பு மாடுகள். வண்டி ஏறிப் போனதும் பெண்கள் குச்சியோடு உள்ளே ஓடி, அடியில் இருப்பது மேலே வரும்படி புரட்டிவிட்டு ஓரத்துக்கு வந்துவிட வேண்டும். வண்டி போகும்போது உமியும் தூசியும் கண்ணை மறைக்கும். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பி நிற்பார்கள். சத்தம் கடந்ததும் இறங்குவார்கள். கண்ணால் அல்ல, காதால் பார்த்துத்தான் இறங்குவது.

அதில்தான் தவறு இருந்தது. இரண்டு பஸ்கள் ஒட்டிக்கொண்டு வந்தால் காதுக்கு அது ஒரே பஸ்.

ஒரு நாள், வளைவைத் தாண்டி இருந்த ஒரு மதகைப் பார்க்க முன்பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் பஸ் கதிரின்மேல் ஏறி இறங்கியது. வளைவில் பின்பஸ் சற்றுப் பின்தங்கியிருந்தது. இன்னும் நெருக்கமாக வந்திருந்தால் அக்கா இறங்குவதற்கு முன்பே அது கடந்துபோயிருக்கும். நன்றாக விலகி வந்திருந்தால் அதன் சத்தம் தனியாகக் கேட்டிருக்கும். இரண்டும் இல்லாத ஓர் இடைவெளி அது. தூசிக்குள் அவள் குச்சியோடு இறங்குவது பின்கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பின்பஸ்ஸின் சக்கரங்கள் சுழல்வது நின்றதையும் பார்த்தேன். சக்கரம் நின்ற பிறகும் பஸ் நிற்கவில்லை. உராய்வைப் பற்றி எனக்கு ஒரு பாடம் முழுக்க இருந்தது. கேழ்வரகு மணியைப் பற்றி அந்தப் பாடத்தில் ஒரு வரி இல்லை. பஸ் வழுக்கிக்கொண்டே பக்கவாட்டில் திரும்பி, கரையோரப் பனைமரத்தில் முகப்பை இடித்து நின்றது.

நாங்கள் இறங்கி ஓடினோம். அக்கா கதிரின் மேல் விழுந்து கிடந்தாள். முழங்கை தேய்ந்திருந்தது, வேறொன்றும் இல்லை. அவளுடைய குச்சி சக்கரத்துக்கு அடியில் இரண்டாகக் கிடந்தது. பஸ்ஸுக்குள் யாருக்கும் பெரிய அடி இல்லை. டிரைவர் இறங்கி வந்த கையோடு கத்தினார்.

"ஏம்மே, கண்ணு இன்னா பொடனிலயா கீது? வண்டி வர்றது தெரில?"

"ஒரு வண்டி சத்தம்தான்யா கேட்டுச்சு. நீ அவன் வயித்துக்குள்ள பூந்துக்கினு வந்தா எனக்கு எப்டித் தெரியும்?"

"முன்ன போற வண்டியில மாமியாரு கீறாங்க போல. அதான் உடாம ஒட்டிக்கினு போறாரு" என்றார் ஒரு பயணி. யாரோ சிரித்தார்கள். டிரைவர் போய் மைல் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "நான் ரோட்ட எங்க பாத்தேன்? அவன் வண்டியத்தான் பாத்துக்கினு வந்தேன். கேவுரு கொட்டிக் கீதுன்னே எனக்குத் தெரியாது."

எங்கள் அதிகாரி மறுநாளே கதிரை அகற்ற வேண்டும் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. நோட்டீஸை நானே எழுதினேன், நான்கு அம்சங்கள், நல்ல கையெழுத்தில். வளைவில் அக்காவிடம் அதைப் படித்தும் காட்டினேன். அவள் முழுவதையும் கேட்டாள்.

"எடுத்துட்றம்மா. எங்க கொண்டும்போய்ப் போடணும்னு அதுல எழுதிக் கீதா?"

எழுதவில்லை.

"ஆடி வரிக்கும் புள்ளைங்களுக்குக் கூழு இதாம்மா. இதுவும் பூட்ச்சின்னா வேற இன்னா கீது வூட்ல?"

நான் நோட்டீஸை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, நாளைக்கு வருகிறேன் என்றேன். ஆனால் கிளம்பவில்லை. புளியமர நிழலில் மாலை வரை உட்கார்ந்து, கதிரின் மேல் ஏறிய வண்டிகளை ஒன்றுவிடாமல் எழுதினேன். லாரி, வேகம்: மணியும் கதிரும் சேர்ந்து பள்ளத்தில். டிராக்டர், மெதுவாக: நன்றாக மிதித்தது. ஒட்டிக்கொண்டு வந்த இரண்டு வண்டிகள்: நடுவில் புரட்ட முடியவில்லை, அடிக்கதிர் அப்படியே. நான் எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டு அக்கா சிரித்தாள். "இதுக்கா ஒரு நாளு பூரா குந்திக்கினு கீற? ஓடியாற வண்டி பாதிய வீசிட்டுப் பூடுது, பைய வர்றதுதான் மிதிக்குது. என்னக் கேட்டா காலையிலயே சொல்லியிருப்பேனே."

எனக்கு அப்போதுதான் ஒன்று புரிந்தது. அந்தச் சாலையில் வண்டிகள் மெதுவாகவும் விலகியும் வரவேண்டும் என்று மனதார விரும்புகிற இரண்டு பேர் நாங்கள்தான். என்னுடைய விருப்பம் பலகையில் இருந்தது. அவளுடையது சாலையிலேயே கிடந்தது.

அதிகாரியிடம் ஒரு வாரம் அவகாசம் கேட்டு, ஒரு தாளில் நான்கு யோசனைகளை எழுதிக் கொடுத்தேன்: வளைவிலிருந்து கதிரை எடுத்து, தூரத்திலிருந்தே தெரியும் நேரான இடத்துக்கு மாற்றுவது, சாலையின் ஒரு பாதியில் மட்டும் பரப்புவது, இரு முனையிலும் சுண்ணாம்படித்த கற்களை வைப்பது, வண்டிகளுக்கு நடுவே இடைவெளி விடச் செய்வது. அவர் தாளைப் படித்துவிட்டு, "கடைசிய எப்படிச் செய்வீங்க?" என்றார். தெரியாது என்றேன். "ஏதாவது ஆச்சுன்னா பதில் நீங்கதாம்மா சொல்லணும்" என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

பின்பஸ் டிரைவரை பஸ் நிலையத்து டீக்கடையில் பிடித்தேன். நாஷ்டாவுக்கு உட்கார்ந்திருந்தார். நசுங்கிய முகப்போடு அவருடைய பஸ் எதிரே நின்றது. இடைவெளி விட்டு வரும்படி நான் சொன்னதைக் கடைசி வரைக்கும் கேட்டார்.

"முந்தலன்னா மொதலாளி பேஜார் பண்ணுவாரும்மா."

"ஒரு வாரம்தான் அண்ணே."

இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டு வாயில் போடாமல் யோசித்தார். "அந்த யக்கா கை நல்லாச்சா?" என்று கேட்டார். நல்லாகிவிட்டது என்றேன். "அப்போ ஒண்ணு பண்ணச் சொல்லுங்க. உள்ள ஆரும் இல்லன்னா மொறத்தத் தூக்கிக் காட்டட்டும். அப்பால நான் வரேன்."

முதல் நாள் காலை பின்பஸ்ஸில் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். முன்பஸ் கதிரைக் கடந்து போய்விட்டது. எங்கள் டிரைவர் வெள்ளைக் கல்லுக்கு நெடுந்தூரம் முன்னாலேயே வண்டியை நிறுத்தினார். பெண்கள் இறங்கிப் புரட்டினார்கள். பின்னாலிருந்து குரல்கள் கிளம்பின.

"இன்னாண்ணே, மாட்டு வண்டியா ஓட்ற?"

"அவன் மானாம்பதியில டீ குடிச்சிக்கினு இருப்பான். நாம இங்க கேவுரு காயறதப் பாத்துக்கினு கீறோம்."

டிரைவரின் கழுத்து நரம்பு புடைத்தது. கை கியர் கம்பியின் மேல் போனது, திரும்ப வந்தது. இந்த ஒரு நிமிஷம் அவர் பொறுக்கவில்லை என்றால் அக்காவின் கதிர் மறுநாள் சாலையில் இருக்காது, அவள் குழந்தைகளின் கூழும் இருக்காது. அதிகாரியிடம் நான் கொடுத்த நான்கு யோசனைகளும் வெறும் தாள். அவர் பொறுத்தார். அக்கா ஓரத்துக்கு வந்து, ஒருமுறை சுற்றிலும் பார்த்துவிட்டு முறத்தைத் தலைக்கு மேல் உயர்த்தினாள். பஸ் இரண்டாம் கியரில் கதிரின் மேல் ஏறியது. சக்கரத்துக்கு அடியில் பொரி பொரிவதுபோல் ஒரு சத்தம். அந்த வழியில் எத்தனையோ முறை போயிருந்தும் எனக்கு அது புதிதாக இருந்தது. டிரைவர் வயல் பக்கம் தலையைத் திருப்பி, "எட்டு வருசமா இந்த ரோட்ல ஓட்றேன். இங்க ஒரு கெணறு கீதுன்னு இன்னிக்குத்தாம்மா பாக்கறேன்" என்றார்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மானாம்பதியில் பின்பஸ்ஸுக்கு ஆட்கள் நின்றிருந்தார்கள். முன்பஸ்ஸைத் தவறவிட்டவர்கள். பட்டுநூல் மூட்டையோடு ஏறிய ஒரு நெசவாளி, "தெனம் ரெண்டும் ஒண்ணாப் பூடும். உட்டா ரெண்டையும் உட்டுட்டுத்தான் நிப்போம். இன்னிக்குத்தான்யா ரெண்டாவதுன்னு ஒரு வண்டி வந்து கீது" என்றார். டிரைவர் அதைக் கேட்டுவிட்டு நடத்துனரைப் பார்த்தார். நடத்துனர் புருவத்தை உயர்த்தினார். அப்புறம் முதலாளியைப் பற்றிய பேச்சே எழவில்லை.

இப்போது நான் வாலாஜாபாத் பக்கம் மாற்றலாகி வந்துவிட்டேன். அரிசி ஆலை லாரிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டுதான் போகின்றன. முப்பது கிலோமீட்டர் பலகைகள் இங்கேயும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. ஒரு வாரத்தில் ஒரு சாலை திருந்தியது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் இப்போதெல்லாம் ஒரு வளைவைப் பார்வையிடப் போனால், முதலில் பலகையைப் பார்ப்பதில்லை. அங்கே சாலையில் இறங்கி வேலை செய்கிறவர்கள் யார் என்று விசாரிக்கிறேன். அவர்களுக்கு என்ன தெரியும் என்று கேட்கிறேன். பெரும்பாலும் காலையிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

அந்த வாரத்தின் கடைசி நாளைச் சொல்லி முடிக்கிறேன். முந்தின நாளே அடித்து முடித்துத் தூற்றியாகிவிட்டது. மணியெல்லாம் மூட்டையாகி அக்கா வீட்டுக்குப் போய்விட்டது. வெள்ளைக் கற்களை நானே ஆள் வைத்து எடுத்துவிட்டேன். சாலை காலியாக இருந்தது. இனிமேல் நிற்கச் சொல்ல எதுவும் இல்லை, யாரும் இல்லை. அக்கா மட்டும், தார் வெடிப்புகளில் தங்கிய மணியைக் கூட்டியெடுக்க விளக்குமாறோடு வந்திருந்தாள். நான் மதகுக் கணக்கை முடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நின்றிருந்தேன். முன்பஸ் வந்தது. தூசி எழுந்தது. அவள் முந்தானையால் முகத்தை மூடித் திரும்பினாள். சத்தம் கடந்தது. பழக்கத்தில், நிமிர்ந்தே பார்க்காமல், சாலைக்குள் இறங்கிவிட்டாள்.

"அக்கா!" என்று கத்த வாயெடுத்து வளைவைப் பார்த்தேன். தூசி அடங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் வெறும் சாலை. அவள் குனிந்து ஒரு வெடிப்பைக் கூட்டினாள், இன்னொன்றைக் கூட்டினாள், மண்ணோடு சேர்த்து இரண்டு கையாலும் அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிதானமாக நடந்து ஓரத்துக்கு வந்து, மடியை அவிழ்த்துப் புடைக்க உட்கார்ந்தாள். அதற்கப்புறம்தான் வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பின்பஸ்ஸின் ஹாரன், தனியாக, கேட்டது.