கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு

போன சனிக்கிழமை ஸ்காபரோவில் ஒரு டோனட் கடை. அடுத்த மேசையில் நடந்த இன்டர்வியூ ஒன்றைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நண்பர் சிவராசாவின் மகள் சுகந்தி, அமெரிக்காவில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாள். மார்க்ஸ் மட்டும் போதாதாம். அங்கே படித்துவிட்டு டொரொண்டோவில் வேலை பார்க்கும் ஒருவர் பிள்ளையைச் சந்தித்து, தன் அபிப்பிராயத்தை எழுதி அனுப்புவாராம். சுகந்திக்கென்ன? பள்ளிக்கூட டிபேட் டீமின் தலைவி. வாய் திறந்தால் மூடமாட்டாள்.

பயமெல்லாம் சிவராசாவுக்குத்தான். அவர் அறிந்த இன்டர்வியூ ஒன்றே ஒன்று — ‘ஹியரிங்’ என்று நாங்கள் சொல்லும் அகதி விசாரணை. அதில் ஒரு வசனம் கூடுதலாகச் சொல்லி மாட்டுப்பட்டு, பிறகு வாயே திறக்காமல் இருந்து, கேஸ் மறுக்கப்பட்டு, அப்பீலில் வருடக்கணக்காக இழுபட்டவர்.

நாங்கள் மூவரும் வந்த காரிலேயே பாடம் தொடங்கிவிட்டது.

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு பிள்ளை. கூடக் கதைச்சா அதிலையே பிடிப்பாங்கள்.”

“அப்பா, ரிலாக்ஸ்!” என்றாள். ஆனால் பயம் தொற்றிவிட்டது.

வந்தவர் நல்ல மனிதர். “உன்னைப் பற்றிச் சொல்லேன்” என்றார். பெயர், பிறந்த தேதி, யாழ்ப்பாணம், கனடா வந்த மாதம்... அத்தோடு நிறுத்திவிட்டாள். பொழுதுபோக்கு? “வாசிப்பேன்.” என்ன வாசிப்பாய்? “புத்தகம்.” அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஐயோ, போச்சு!

“என்னிடம் ஏதாவது கேட்க இருக்கிறதா?” என்றார் கடைசியில். சுகந்தி இல்லை என்று தலையசைத்தாள். சிவராசாவுக்குப் பொறுக்கவில்லை. எங்கள் மேசையிலிருந்து எட்டி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டுவிட்டார் — “நீங்கள் மறுத்தால்... அப்பீல் பண்ணலாமா?”

“அப்பா! இது ஹியரிங் இல்லை! எங்களை ஒருத்தரும் திருப்பி அனுப்ப மாட்டினம்!” சுகந்தி தமிழில் வெடித்தாள்.

வந்தவருக்கு அதில் ஒரு சொல்தான் விளங்கியிருக்கும். பேனாவை வைத்துவிட்டு, “என்ன ஹியரிங்?” என்றார்.

அவ்வளவுதான். அப்பாவின் கேஸை அந்த டோனட் கடையில் முதலிலிருந்து வாதாடினாள். அதிகாரி கேட்டது, அப்பா சொன்னது, சொல்லியிருக்க வேண்டியது... மனிதர் மறித்துக் கேட்டார், சிரித்தார், போய் இன்னொரு கோப்பி வாங்கிவந்தார்.

இடம் கிடைக்குமா? தெரியாது. இந்தச் சந்திப்புகளுக்குப் பெரிய மதிப்பில்லை என்கிறார்கள் விஷயம் தெரிந்தவர்கள். பிறகேன் இவ்வளவு பாடு? பிள்ளை எப்படிக் கதைக்கிறது என்று பார்க்கத்தானாம். நமக்கு அது புதிது. நம்மைக் கேள்வி கேட்டவர்கள் எல்லாம் பிழை பிடிக்கவல்லவா கேட்டார்கள்?

திரும்பி வந்து, மல்வேர்னில் வீட்டு வாசலில் இறங்கும்போது சிவராசா சொன்னார்:

“அண்டைக்கு என்னட்டையும் உப்பிடிச் சிரிச்சுக்கொண்டு கேட்டிருந்தா, நானும் கதைச்சிருப்பன்.”