ஸும்றாவின் வலது கால்

வலது காலால் இரண்டு தட்டுத் தட்டினால் குரல் நாலு விநாடி பின்னுக்குப் போகும். ஸும்றா தட்டுகிறார். காதை மூடிய ஹெட்போனுக்குள் யாரோ ஒரு பெண் மறுபடியும் இருமி, மறுபடியும் பெருமூச்சு விட்டு, அதே வசனத்தைத் திரும்பச் சொல்கிறாள். இந்த முறை பிடிபட்டுவிட்டது. பத்து விரலும் ஓடுகின்றன. மேசைக்குக் கீழே கிடக்கும் கறுப்புப் பெடலைத் தையல் மெஷினுடையது என்றே கொழும்பு வெள்ளவத்தை ஃபிளாட்டின் மேல்மாடிக்காரர் மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மகளுடைய சல்வாருக்குத் துணியும் அளவுச் சட்டையும் கொண்டுவந்து நின்றார்.

தைப்பதில்லை, கேட்பதுதான் ஸும்றாவின் தொழில். வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் நம்மவர்களிடம் எடுக்கும் பேட்டிகளைக் கேட்டு, சொல்லுக்குச் சொல் தட்டெழுதிக் கொடுப்பார். பேச்சு மட்டும் போதும் என்றுதான் அவர்கள் சொல்வார்கள். ஸும்றா விடமாட்டார். குக்கர் மூன்றாவது விசில், காகம், மீன்காரன் கூவிப் போவது, யாரோ வாளியை இழுப்பது எல்லாம் அடைப்புக்குறிக்குள் வந்துவிடும். "வந்த சத்தத்த வரல்லண்டு எழுத எனக்கு ஏலா" என்பார். நாற்பத்தாறு வயதில் இனித் திருந்தப்போவதும் இல்லை.

கால் பழக்கம் வீட்டுக்கு வெளியேயும் கூடவே வருகிறது. மீன் கடையில் விலை சரியாகக் கேட்காவிட்டால் செருப்புக் கால் தானாகத் தரையைத் தட்டும். "நான் செல்றது வெளங்கல்லாட்டி வாயத் தொறந்து கேளுங்களே, எனத்துக்கு நெலத்த மிதிக்கிறீங்க?" என்று மருந்துக்கடையில் வேலை செய்யும் கணவர் ஸவாஹிர் கேலி பண்ணுவார். அவரும் இருபது வருஷமாக ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொல்லிப் பழகிவிட்டார்.

க்ளேர் வந்தபிறகுதான் இந்த வேலையில் ஸும்றா மனதையும் போட்டார். க்ளேர் அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றின் ஆராய்ச்சிக்காரி. தன் ஆட்கள் பிற மொழிகளைப் படிக்கவும் பிற நாடுகளை அறியவும் அங்கே அரசாங்கம் கொடுக்கும் மானியத்தில் தமிழ் படித்து, அதே மானியத்தில் கொழும்புக்கு வந்தவர். கொம்பனித்தெருவில் ஒரு வரிசை வீடுகளை உடைத்து, அங்கிருந்தவர்களை மாடிக் கட்டடத்துக்கு அனுப்பப்போகிறார்கள்; அதற்கு முன் அந்தப் பெண்களின் கதையை அவரவர் குசினியிலேயே, அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்துப் பதியவேண்டும் என்பது அவர் திட்டம். "நாங்க கதைக்கிறதக் கேக்க அவங்கட அரசாங்கம் சல்லி குடுக்குது. எங்கட ஊட்டுல நான் கதைச்சா டீவி சத்தத்தக் கூட்டுறாங்க" என்று ஸும்றா சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் பெண்கள் கையெழுத்துப் போட மறுத்தார்கள். வீட்டைப் பறிகொடுத்ததே கையெழுத்துப் போட்டுத்தான். மறுபடியும் ஒரு காகிதமா? க்ளேரின் ஆங்கிலப் படிவத்தில் இருந்தது இவ்வளவுதான்: பதிவுகள் பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்படும். அதைத் தமிழில் விளக்கப்போன ஸும்றா, பெண்களின் முகத்தைப் பார்த்தார். படிவத்தில் இல்லாத ஒரு வரியைத் தானாகச் சேர்த்தார்.

"நீங்க செல்றதெல்லாம் பொஸ்தகமாக்கி ஒங்கட கைல கொண்டுவந்து தருவம். நான் பொறுப்பு."

அந்த வேகத்துக்கு க்ளேரின் தமிழ் எட்டவில்லை. ரயில் நிலைய வாசலில் இடியப்பம் விற்கும் லுத்பியா மாமி, "ஸும்றா பொறுப்பெண்டா சரி" என்று முதல் கையெழுத்தைப் போட்டார். அவரைப் பார்த்து மற்ற இருபத்திரண்டு பேரும் போட்டார்கள்.

பதிவெல்லாம் முடிந்து, வீடுகளும் உடைபட்டு, தட்டெழுத்துப் பாதியில் இருந்தபோது ஒரு காலை மின்னஞ்சல் வந்தது. மானியம் நிறுத்தப்பட்டது, எழுதியதை எழுதிய மட்டில் அனுப்பிவிட்டுக் கம்பியூட்டரில் உள்ளதை அழித்துவிடவும். ஊருக்குத் திரும்பியிருந்த க்ளேர் தொலைபேசியில் அழுதார். அப்போதுதான் ஸும்றா தான் சேர்த்த வரியைப் பற்றி வாய் திறந்தார். க்ளேர் அந்த வரியை இன்னொருமுறை சொல்லச்சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு, "பார்க்கிறேன், ஸும்றா" என்றார் க்ளேர். ஸும்றா சொன்னபடி எல்லாவற்றையும் அனுப்பி, சொன்னபடி அழித்தார். அன்று வீட்டில் கடைச் சோறு.

வாரத்தில் இரண்டு நாள் புதுக்கடையில் காணி உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசிடமும் அவருக்குத் தட்டெழுத்து வேலை உண்டு. கரையோர ரயிலில்தான் போவார். கோட்டைக்கு முன்னால் கொம்பனித்தெருவில் ரயில் நிற்கும். மேடைப் பக்கக் கதவில் நின்றால் வாசலில் லுத்பியா மாமியின் கூடை தெரியும். ஐந்து மாதமாக ஸும்றா எதிர்ப்பக்கக் கதவில் நின்றார். அந்தப் பக்கம் பார்க்க ஒரு மதிலும் வயர்களும்தான். அவருக்கு வெட்கம், வேறொன்றுமில்லை. வீட்டை உடைத்தவர்களும் வாக்குக் கொடுத்தார்கள், நானும் கொடுத்தேன் என்ற நினைப்பு அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

போன திங்கட்கிழமை க்ளேரிடமிருந்து மின்னஞ்சல். தொடங்கிய வேலையை முடிக்க மானியத்தைத் திரும்பத் தந்திருக்கிறார்கள். ஆளுக்கொன்றாக இருபத்து மூன்று தமிழ்ப் புத்தகம் அச்சிடும் செலவையும் க்ளேர் அதில் சேர்த்து வாங்கியிருக்கிறார். அழித்த கோப்புகள் எல்லாம் கூடவே வந்திருந்தன. கடைசியில் தமிழில் ஒரு வரி: "லுத்பியா மாமியின் பக்கங்களை இப்போதே கொண்டுபோய்க் கொடுங்கள்."

ஸும்றா மூன்று முறை வாசித்தார். ஸவாஹிருக்குப் போன் எடுத்து, "வருது" என்றார்.

"எனத்த வருது?"

"வருதுங்க" என்றார் மறுபடியும். போனை வைத்துவிட்டு முட்டை உடைக்கப் போனார். வேலை விட்டு வந்த ஸவாஹிர், சமையலறையில் பெருநாளைக்குச் செய்யும் வட்டிலப்பம் வேகும் வாசனையிலிருந்து மிச்சத்தை விளங்கிக்கொண்டார். ஐந்து மாதத்துக்குப் பிறகு அன்றுதான் ஸும்றா படுத்ததும் தூங்கினார்.

புதன்கிழமை, கொமியுனிகேஷன் கடையில் முப்பத்தொரு பக்கம் அச்செடுத்து, நீல அட்டை போட்டு, கம்பிச் சுருளில் கட்டி வாங்கிக்கொண்டு ரயிலேறினார். கொம்பனித்தெருவில் இறங்கினார்.

"வாங்க புள்ள" என்றார் லுத்பியா மாமி. "இண்டைக்கு இந்தப் பக்கக் கதவுல நிண்டீங்க போல."

ரயிலில் யோசித்து வைத்த சாக்குகளையெல்லாம் விட்டுவிட்டு ஸும்றா பையைத் திறந்தார். நீல அட்டையை நீட்டினார். "முழுப் பொஸ்தகம் பொறகு வரும் மாமி. இது ஒங்கட பங்கு."

"கண்ணாடி பதினோராம் மாடில ஈக்கிது. நீங்களே வாசிங்களே" என்றார் மாமி, இடியப்பத்தைச் சுற்றிக்கொண்டே.

ஸும்றா வாசித்தார். கலியாணமாகி அந்த வீட்டுக்கு வந்தது, கூரை ஒழுகியது, பிள்ளைகள் பிறந்தது. நாலாம் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருந்ததையும் வழக்கம்போல விடாமல் வாசித்தார்: கதவு கிறீச்சிட்டுத் திறக்கிறது, காற்றில் தானாகச் சாத்திக்கொள்கிறது.

பார்சல் சுற்றிய கை நின்றது.

"எங்கட கதவா?"

"ஓ மாமி. குசினிக் கதவு."

பார்சலுக்குக் கைநீட்டி நின்றவரிடம், "பொட்டக் இன்ன, மல்லி" என்று சிங்களத்தில் பொறுக்கச் சொல்லிவிட்டு, மாமி முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு கிட்ட நகர்ந்தார். "அத இன்னொருக்கா வாசிங்க புள்ள."

ஸும்றாவின் கண் மேல் வரிக்குப் போகுமுன்பே, செருப்புக்குள்ளிருந்த வலது கால் தரையை இரண்டு தட்டுத் தட்டியது.