டிக்கெட் எடுத்தவருக்கு சீட்

இன்று மதியம் பன்னிரண்டரைக்கு கும்பகோணத்தில் பாபநாசம் டவுன் பஸ் ஏறினேன். சரியான கூட்டம்.

ஜன்னலோரம் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் டிக்கெட் வாங்கியதைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"உக்காருங்க தம்பி."

அடுத்த ஸ்டாப்பில் இறங்குவார் போல என்று உட்கார்ந்தேன். பிறகு போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். அவர் பாபநாசம் வரை கம்பியைப் பிடித்தபடி நின்றே வந்தார்.

பஸ் காலியான பிறகும் இறங்கவில்லை.

"ஸ்டாண்டு வந்துருச்சும்மா" என்றேன்.

"திரும்ப கும்பகோணந்தான் தம்பி. வீடு தகரம் போட்டது. மதியத்துல உள்ள இருக்க முடியல. பொம்பளைங்களுக்குதான் ஃப்ரீயாச்சே, வெயில் தாழுற வரைக்கும் இப்படியே போயிட்டு வந்துட்டு இருப்பேன்."

"வீட்டுல ஐயா என்ன பண்ணுவாரு?"

"அவருக்கு ஃப்ரீ இல்லையே. ஆஸ்பத்திரி வராண்டாவுல நோயாளி மாதிரி உக்காந்திருப்பாரு."

"அப்ப எனக்கு ஏம்மா எந்திரிச்சீங்க?"

"ஓசியில வர்றவ உக்காந்து வர்றா, காசு குடுத்தவன் நிக்கிறான்னு ஒருத்தர் ஏசிட்டாரு. நாளைக்கு என்னைய ஏத்தாமப் போயிட்டா வெயிலுக்கு எங்க போறது?"

போன வாரம் 'ஓசி பஸ்ல காத்து வாங்கிட்டு ஊர் சுத்துறாங்க' என்று ஒரு மீம் வந்ததே, அதற்கு சிரிப்பு பொம்மை போட்டவர்களில் நானும் ஒருத்தன்.

கூடச் சிரித்தவர்கள் கமெண்டில் வாங்க. ஜன்னலோர சீட்டில் நிஜமாகவே நல்ல காத்து. நான் உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.