பூசானுக்கு ஒரு பார்சல்

பல்லுத் தீட்டும் பிரஷ்ஷின் பிடியைக்கூடப் பாதியாக அறுத்தேன். வாயருகே பிடிப்பதற்கு அரைப்பிடி போதும், மிச்சம் வீண் பாரம். சமையலறைத் தராசை மேசையில் வைத்து ஒவ்வொரு சாமானாக நிறுத்தேன். இரண்டு சட்டை, ஒரு காற்சட்டை, மழைக்கோட்டு, இரண்டு சைக்கிள் ரியூப், ஒட்டுப்போடும் சாமான், சின்னப் பம்ப். மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, நகைக்கடை திறக்கப்போகிறீர்களா என்று கேட்டாள். நான் சாக்ஸை நிறுத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒரு கதிரையில் அரை மணித்தியாலம் சேர்ந்தாற்போல் இருக்கத் தெரியாதவன். இருந்தால் தொடை தானாக ஆடும், விரல் எதையாவது தட்டும், மனம் எழுந்து வெளியே போய் நின்று என்னைக் கூப்பிடும். வேலையில் பக்கத்து மேசைக்காரர் ஒரு கொரியாக்காரர். அவர் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், தன்னுடைய நாட்டில் மேற்குக் கடலிலிருந்து தெற்குக் கடல்வரை ஆற்றோரமாகவே சைக்கிளில் போகலாம், சிவப்பு விளக்குக்காக நிற்கவேண்டியது மிகக் குறைவு என்றார். இருபது வருடமாக ரொறன்ரோவில் ஷெப்பர்ட் வீதியின் ஒவ்வொரு விளக்கிலும் கால் ஊன்றி நின்றவனுக்கு அந்த ஒரு வசனம் போதும். ஹன் ஆற்றோடு தொடங்கி, ஒரு மலையைத் தாண்டி, நக்டோங் ஆற்றோடு இறங்கி, பூசானில் கடலைத் தொடுவது. அறுநூறு கிலோமீற்றருக்கு மேல். தனியே. ஒரு வருடம் விடுமுறையைச் சேர்த்தேன்.

நம்மவர்களில் ஒருவர் விமானம் ஏறுகிறார் என்று தெரிந்தால் பார்சல் வரும். எங்கே போகிறார், எதற்குப் போகிறார் என்பதெல்லாம் பிறகு. நான் சைக்கிள் ஓடப் போகிறேன் என்பதை யாரும் காதில் வாங்கவில்லை, கொரியா என்ற சொல் மட்டும் எங்கள் அஜின்கோர்ட் பகுதி முழுக்கப் போயிருக்கிறது. மூன்றாம் நாள், இரண்டு வீடு தள்ளி இருக்கும் அக்கா வந்தார். எழுபதை எட்டப் போகிறவர், தனியாக இருப்பவர். கையில் பால்மா ரின் அளவில் ஒரு பொதி. பைக்குள் பை, அதற்குள் பை, மேலே மண்ணிற ஒட்டும் ரேப் சுற்றிச் சுற்றி. வறுத்து அரைத்த கறித்தூள். பூசானில் அவருடைய மகன் இருக்கிறான்.

பொதி வெறும் சாட்டு என்பது தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் விளங்கிவிட்டது. மகன் ஒரு வருடம் இங்கிலிஷ் படிப்பிக்கவென்று போனவன். நாலு வருடமாகிவிட்டது. ஞாயிறு தவறாமல் போன் எடுத்துக் கதைப்பான். பக்கத்து ஊர் அஜக்ஸில் இருக்கும் மகள், பனி கொட்ட முன் இந்த வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்து இருக்கும்படி நெருக்குகிறாள். அக்காவுக்கும் படியேறக் கஷ்டம். ஆனால் மேல்மாடியில் மகனுடைய அறை இருக்கிறது. அவன் திரும்பி வருவான் என்றால் வீடு வேண்டும். வரமாட்டான் என்றால் வேண்டாம். இந்த ஒன்று தெரியாமல் அவரால் கையெழுத்து வைக்க முடியவில்லை.

கேட்டுவிட்டால் என்ன என்றேன்.

"கேட்டால் வாறன் எண்டு சொல்லுவான், தம்பி. எனக்காகச் சொல்லுவான். எனக்காக ஒருத்தரும் வரவேண்டாம். நீரும் கேக்க வேண்டாம். பாத்திட்டு வாரும்."

எதைப் பார்ப்பது?

"சட்டியைப் பாரும். போறதுக்கு நிக்கிறவன் வச்சிருக்கிற சட்டியும், இருக்கப்போறவன் வச்சிருக்கிற சட்டியும் ஒண்டில்லை. பாத்தால் உமக்குத் தெரியும்."

அவர் போனபிறகு பொதியைத் தராசில் வைத்தேன். இரண்டு கிலோ நூறு கிராம். நான் அறுத்தெறிந்த பிரஷ் பிடி ஆறு கிராம்.

ஹன் ஆறு அகலமானது. சியோலுக்குள் அது வரும்போது பாலம் பாலமாகத் தலைக்கு மேல் நகர்கிறது, பாலங்களின் கீழே நிழல், நிழலில் பாய் விரித்துப் படுத்திருக்கும் குடும்பங்கள். பாதையோரம் சிவப்பு நிறத்தில் பழைய ரெலிபோன் கூண்டு மாதிரியான பெட்டிகள். உள்ளே ஒரு முத்திரையும் மைப் பெட்டியும். கையில் ஒரு சின்னப் புத்தகம் வாங்கிக்கொண்டால் ஒவ்வொரு கூண்டிலும் இறங்கி நாமே முத்திரை குத்திக்கொள்ளலாம். காவல் இல்லை, கேள்வி இல்லை. முதல் நாள் நான் ஒவ்வொரு முத்திரையையும் விரலால் தொட்டு, காய்ந்துவிட்டதா என்று பார்த்து, பிள்ளை மாதிரிப் புத்தகத்தை மூடினேன்.

இரண்டாம் நாள் பாதை ஒரு பழைய ரயில் தடத்தில் ஏறியது. சுரங்கங்கள். வெளியே செப்டெம்பர் வெயில், உள்ளே கிணற்றுக் குளிர். ஒரு சுரங்கத்தின் நடுவில் சைக்கிளை நிறுத்தி நின்றேன். என் மூச்சு சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. தொடை ஆடவில்லை, விரல் எதையும் தட்டவில்லை. இப்படி ஒரு இடத்தில் சும்மா நின்றது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

சாப்பாட்டில்தான் பிசகியது. அங்கே எல்லாம் சிவப்பு. சிவப்பைக் கண்டால் என் நாக்கு எழுந்து உட்காரும். வாயில் வைத்தால் அந்தச் சிவப்பு முதலில் இனிக்கிறது. உறைப்பு பின்னால் மெல்ல வந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கிறது. மூன்று நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் பகல் முழுக்க மழை. ஒரு சிறு பட்டணத்தில் அறை எடுத்து, அடியிலிருந்து சூடேற்றும் தரையில் சம்மணம் கட்டி, கடையில் வாங்கிய நூடில்ஸ் கோப்பையைப் பார்த்தபடி இருந்தேன். ஈரப் பையிலிருந்து அந்த வாசம் வந்தது. ரேப் சுற்றிய மூன்று பைகளையும் தாண்டி வந்தது. கொத்தமல்லியும் மிளகும் வறுபட்ட மிளகாயும், ஓர் ஒடுங்கிய சமையலறையும்.

ஒரு கரண்டிதான் என்று ரேப்பை வெட்டினேன்.

அடுத்த நாள் மலை. ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது, பாரம் குறைந்தால் நல்லதுதானே என்று எனக்கு நானே சொன்னேன். உச்சியில் அவித்த முட்டைக்கு ஒரு கரண்டி. இறங்கியபின் சோற்றுக்கு ஒரு கரண்டி. நக்டோங் கரையில் ஒரு மண்டபத்தில், என்னைவிட வயதான ஒரு சைக்கிள்காரர் தன் சோற்றுப் பெட்டியைத் திறந்து என்னையும் இருக்கச் சொன்னார். நான் தூளைக் காட்டினேன். சோற்றின் மேல் தூவிச் சாப்பிட்டார், நெற்றி வியர்த்தது, இன்னும் கேட்டார். மனைவிக்கு என்று சைகையால் சொல்லி, கடதாசியில் கொஞ்சம் மடித்துக்கொண்டு, எனக்கு இரண்டு பேரிக்காய் தந்தார். அன்றைக்குத் தங்கிய வீட்டுக்காரி ஒரு கிண்ணத்தையே நீட்டினாள். வழக்கமான ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் இன்னொரு குளிரூட்டியைத் திறந்து, அது கிம்ச்சிக்கு மட்டும் என்று பெருமையாகக் காட்டி, மிளகாயில் ஊறிய கோவா இலைகளை எனக்கு அள்ளி வைத்தாள். கிண்ணத்தை நிரப்பாமல் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

நக்டோங் அவசரப்படாத ஆறு. வயல்கள் மஞ்சளாகிக்கொண்டிருந்தன, கரை நெடுகக் கொஸ்மோஸ் பூக்கள் காற்றுக்குச் சாய்ந்து நிமிர்ந்தன. ஒரு நாரை தண்ணீரில் நின்றபடி நான் வருவதையும் போவதையும் ஒரே முகத்தோடு பார்த்தது. மணிக்கணக்காக மிதித்தேன். சக்கரம் சுற்றும் சத்தத்துக்குள் அக்காவின் குரல் வந்து வந்து போனது. பொதியோடு போனால் நான் விருந்தாளி. பொதி இல்லாமல் போனால் வேவு பார்க்க வந்தவன். ஒவ்வொரு கரண்டியாக நான் என் மரியாதையைத் தின்றுகொண்டிருந்தேன் என்பது தெரிந்தது. தெரிந்தும் அடுத்த வேளைக்கு ரேப்பை உரித்தேன்.

ஒன்பதாம் நாள், சனிக்கிழமை பின்னேரம் ஆறு முடிந்தது. கடைசிக் கூண்டில் கடைசி முத்திரை. அன்று அறையில் நிறுக்கத் தராசு இல்லை. பொதியைக் கையில் தூக்கிப் பார்த்தேன். ஒரு கிலோ இருக்கலாம்.

ஞாயிறு காலை அக்காவின் மகன் போனில் சொன்ன விலாசத்துக்குப் போனேன். மலைச்சரிவில் கட்டடம், நாலாம் மாடி, லிப்ட் இல்லை. கதவைத் திறந்தவனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், தாயின் நெற்றி. வாசலில் ஒரே ஒரு சோடிச் சப்பாத்து. அடுப்பில் கைப்பிடி தளர்ந்த சின்னச் சட்டி ஒன்று, பக்கத்தில் ஒரு பொரிக்கும் தாச்சி. அவ்வளவுதான். எனக்கு நெஞ்சு லேசானது. போகிறதுக்கு நிற்கிறவனின் சட்டி. வீட்டை விற்கவேண்டாம் அக்கா என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

கை கழுவப் பின்பக்கத்துப் பல்கனிக்குப் போனபோது அங்கே அது நின்றது. இடுப்பளவு உயரம், வெள்ளை, மேலே தூக்கித் திறக்கிற இரண்டு மூடி. மெல்ல முனகியது. அந்த நக்டோங் வீட்டுக்காரி காட்டியிராவிட்டால் நான் அதை உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் என்று நினைத்திருப்பேன். கிம்ச்சிக் குளிரூட்டி. கோவாவை மாரிக் குளிர்காலம் முழுக்க ஊறவைத்துச் சாப்பிடுகிறவர்கள் வாங்குவது. அதை இரண்டு பேராவது நாலு மாடி சுமந்து ஏற்றியிருக்கவேண்டும். போகப்போகிறவன் இதை வாங்கமாட்டான்.

திரும்பினேன். அவன் வாசலில் நின்று, நான் எதைப் பார்க்கிறேன் என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா பாக்கச் சொன்னவவோ, அங்கிள்?"

சட்டியைத்தான் பார்க்கச் சொன்னவர் என்றேன். அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. நான் பொதியை எடுத்துக் கொடுத்தேன். அவன் கையில் வாங்கி ஒருமுறை தூக்கிப் பார்த்தான். தாய் எவ்வளவு அனுப்புவார் என்று அவனுக்குத் தெரியாதா? ரேப்பை நான் பத்து முறையாவது உரித்து ஒட்டியிருந்தேன். ஒளிக்க ஒன்றுமில்லை. நூடில்ஸ், முட்டை, மண்டபத்துக்காரர், கிண்ணம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நைன் டேய்ஸ்ல ஒரு கிலோவோ? சீரியஸ்லி, அங்கிள்?"

தேத்தண்ணி ஊற்றினான். இந்த மாரியோடு பள்ளிக்கூடத்தில் தன்னை நிரந்தரமாக எடுக்கிறார்கள், தனக்கு இந்த மலையும் கடலும் பிடித்துப்போய்விட்டது, யாரும் மயக்கி வைத்திருக்கவில்லை, சும்மா பிடித்துவிட்டது என்றான். ஒவ்வொரு ஞாயிறும் சொல்லத்தான் போன் எடுப்பதாகவும், அம்மா கேட்காததால் சொல்லாமலே வைத்துவிடுவதாகவும் சொன்னான். அவர் கேட்காமல் இருந்தார், இவன் சொல்லாமல் இருந்தான், இருவரும் மற்றவரை நோகடிக்கக்கூடாது என்று நாலு வருடமாகச் சாப்பாட்டைப் பற்றிக் கதைத்திருக்கிறார்கள்.

"நீங்களே சொல்லிவிடுங்கோ. ஃப்ரிட்ஜைப் பத்திச் சொன்னால் அவவுக்கு விளங்கும். நான் சொன்னால், ஐ டோன்ற் நோ, அழுவா."

எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. தூது போனவனுக்குத் திரும்பிப்போய்ச் சொல்ல ஒரு சேதி. ஆனால் மேசையில் அந்தச் சப்பளிந்த பொதி இருந்தது.

"தம்பி, கொண்டுவந்ததிலை பாதியை நான் திண்டிட்டன். கொண்டுபோறதிலையும் பாதிதான் போய்ச் சேரும். நீரே போன் எடும்."

அவன் பொதியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். காலை ஒன்பதரை. ரொறன்ரோவில் முதல்நாள் இரவு எட்டரை, அக்கா சாப்பிட்டு முடித்திருப்பார். போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டான். நான் எழுந்து கோப்பைகளைக் கழுவப் போனேன். அந்த வீட்டில் எங்கே போனாலும் இரண்டு எட்டுத்தான்.

சாப்பிட்டீங்களா, மருந்து எடுத்தீங்களா எல்லாம் முடிந்தது. பிறகு அவன், தான் ஒரு கிம்ச்சி ஃப்ரிட்ஜ் வாங்கியதாகச் சொன்னான். அது என்னவென்று அவர் கேட்டார், அவன் விளக்கினான். நான் குழாயை மூடினேன்.

"எத்தினை லீற்றர்?" என்றார் அக்கா.

அவன் எழுந்துபோய்க் குனிந்து, பக்கத்தில் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டு வந்தான். "இருநூற்றி இருபது."

"அப்ப பெரிசுதான்."

"ஓம் அம்மா. நான் இங்கதான் இருக்கப்போறன்."

அடுப்பில் பால் வைத்திருக்கிறேன், போனை வைத்துவிடாதே என்றார். நாங்கள் இருவரும் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கேயோ தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நாலு நிமிடம் போயிருக்கும். திரும்பி வந்தது முகம் கழுவிய குரல். மாரிக்குக் கோட்டு இருக்கிறதா என்று கேட்டார். பிறகு நான் வந்துவிட்டேனா, மெலிந்திருக்கிறேனா என்று கேட்டார். மெலியவில்லை என்று அவன் சொன்னான், ஏன் என்பதையும் சொன்னான். அதன்பிறகு அவர்கள் முக்கால் மணித்தியாலம் கதைத்தார்கள், எனக்கு ஞாபகம் உள்ளவரை அவ்வளவு நேரத்திலும் சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நான் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்து இரண்டு நாளில், சனிக்கிழமை காலை, அக்கா வீட்டுக்குப் போனேன். வீட்டு முன்புல்லில் மகனின் மேல்மாடி அறைக் கட்டில் வெளியே வந்திருந்தது. அதன் ஓரத்தில் அக்கா இருந்தார், கையில் தேத்தண்ணி.

"என்ரை தூளைத் திண்ட ஆள் வந்திட்டார்."

நான் பக்கத்தில் இருந்தேன். மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். அவர் தூளில் உறைப்புக் காணுமா, இன்னும் வேண்டுமா என்று கேட்டார். காணும் என்றேன். பிறகு, பார்க்கச் சொன்னதை விட்டுவிட்டு ஏன் அவனையே சொல்லவைத்தேன் என்று கேட்டார். நான் கொண்டுவந்திருந்தால் சேதி பாதிதான் வந்து சேர்ந்திருக்கும் என்று சொன்னேன்.

"நீர் வந்து சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டன். சட்டியை வடிவாப் பாக்கேல்லை எண்டு சொல்லியிருப்பன்," என்றார். மகள் அடுத்த கிழமை வீடு விற்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறாள் என்றும், பங்குனி மாதம் பூசானுக்கு ஒரு முறை போய் அந்தப் பெட்டியைத் தானே பார்க்கப்போவதாகவும் சொன்னார். தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

ஒரு வான் வண்டி மெதுவாகி நின்றது. ஓட்டியவர் கண்ணாடியை இறக்கி, கட்டில் சும்மாவா என்று இங்கிலிஷில் கேட்டார். ஓம், எடுத்துக்கொண்டு போகலாம் என்றேன். அக்கா என் கையைத் தட்டினார்.

"ஒரு கால் ஆடும் எண்டு சொல்லும்."

சொன்னேன். வான்காரர் இறங்கிவந்து ஆட்டிப் பார்த்தார். ஆடியது. பரவாயில்லை என்று ஒரு பக்கத்தைத் தூக்கினார். அக்கா எழுந்து இடம்விட்டார். நான் மற்றப் பக்கத்தைத் தூக்கி வானுக்குள் தள்ளிவிட்டுத் திரும்பினால், மகனின் அறை மேசையையும் இறக்கவென்று அக்கா ஏற்கெனவே உள்ளே போயிருந்தார். மேலிருந்து என்னைக் கூப்பிட்டார். படி ஏறினேன்.