திருஷ்டி டம்ளர்

இன்று தவளக்குப்பம் ஜங்ஷனில், வழக்கமாக ரீசார்ஜ் செய்யும் செல்போன் கடைக்குப் போனேன். கடையில் குமார் அண்ணனும் அவர் மனைவி செல்வி அக்காவும் இருந்தார்கள்.

கல்லாவின் மேல் புதிதாக ஒரு கண்ணாடி டம்ளர். தண்ணீரில் எலுமிச்சம்பழம் மிதந்தது.

"இன்னாண்ணா, திருஷ்டிக்கா?"

"ஆமாம்பா. வூட்ல மூணு பேருக்கும் ஒருத்தர் மாத்தி ஒருத்தருக்கு டெங்கு. இப்பதான் தேறி வந்துருக்கோம். ஐப்பசியில வந்தா மழைன்னு வுட்டுடலாம். சித்திரையில வந்தா? யாரோ கண்ணு வெச்சிட்டாங்க."

நான் சும்மா இருப்பேனா? இப்போதெல்லாம் கோடையிலும் மழை கொட்டுகிறது, சூடு ஏற ஏறக் கொசு இன்னும் வேகமாக வளர்கிறது, அதற்கு ஐப்பசியும் சித்திரையும் ஒன்றுதான் என்று ஒரு பிரசங்கமே செய்தேன்.

அண்ணன் கொட்டாவி விட்டார்.

அப்போதுதான் டம்ளரைச் சரியாகப் பார்த்தேன். பழத்தைச் சுற்றிக் குட்டிக் குட்டியாக ஏதோ நெளிந்துகொண்டிருந்தது.

"அண்ணா, உள்ள கொசுப்புழு!"

அக்கா டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"யோவ், வாராவாரம் தண்ணி மாத்துன்னு சொன்னேன்ல? மறுபடியும் எல்லாரும் போய்ப் படுக்கணுமா?"

கொதிக்கிற தார் ரோட்டில் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"தண்ணியே இல்லன்னா கண்ணு எப்படிடி போவும்?" அண்ணன் அழாத குறை.

கடைசியில் சமரசம் ஆனது. புதுத் தண்ணீர், புதுப் பழம், டம்ளர் வாயில் கொசுவலைத் துணி, அதைச் சுற்றி ரப்பர் பேண்ட்.

இனி கொசு உள்ளே போகாது. ஆனால் கண்திருஷ்டி போகுமா?

தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். அண்ணன் கவலையாக இருக்கிறார்.